மேசை விரிப்பின் மறுபாதி

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினாறு வயதுதான் ஆகிறது, பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஆனாலும் உன்னை வளர்ந்த ஆளாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ படித்து முடித்துவிட்டாய், தூரத்து ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, பையெல்லாம் கட்டியாயிற்று, வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அப்போது இந்த நோட்டை உன் கையில் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள். இப்போது என்னைச் சுற்றி இருக்கிற யாரிடமும் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் சொன்னால் நீ போய் யாரிடமும் சொல்லிவிட முடியாது. வேதியியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் அம்மா எழுந்துவிடுவாள் என்று செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். பேனா உரசுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கிறது.

அம்மா என்றால் என் அம்மா. உனக்கு ஆயா, பாட்டி முறை. ஆனால் அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயதுதான், ஆயா என்று எழுதப் போனால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதனால் அம்மா என்றே எழுதுகிறேன். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிறாள். முழு ஷூ இல்லை, காலை மூடுகிற மேல்பாகம் மட்டும். அது பெட்டியில் அடைந்து கப்பலேறி, வேறு நாட்டுக்காரர்களின் காலில் போய்ச் சேரும். மூன்றாவது லைனில் அவளோடு சேர்த்து முப்பது பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள். காலையில் ஆறரை மணிக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டிலிருந்து பெண்கள் நீல ஓவர்கோட்டை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடுவார்கள். அப்பா லாரி ஓட்டுகிறார். ஒரு முறை கிளம்பினால் பத்து நாளோ பதினைந்து நாளோ கழித்துத்தான் வருவார். ஆகவே இந்த வீடு என்பது பெரும்பாலும் அம்மாவும் நானும்தான்.

இன்னொருவரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்தர் அத்தை. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. அம்மாவை விடப் பத்து வயது பெரியவள், அதே மூன்றாவது லைன். அம்மாவுக்கு மெஷினில் உட்காரக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், வேலூர் பாகாயத்தில் அறை எடுத்துத் தங்கி நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். நான் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தபோது அம்மா எனக்கு ஒரு பழைய மேசை வாங்கிப் போட்டாள். அத்தை வந்து பார்த்துவிட்டு, “இன்னாடி இது, மேசைய வாங்கிட்டு இப்படி அம்மணமா நிக்க வெச்சிருக்கீங்க?” என்றாள். மறுநாள் ஆம்பூர் பஜாரிலிருந்து மாதுளம்பழமும் பச்சை இலையும் அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வாங்கி வந்தாள். மேசைக்கு அது நீளம் ஜாஸ்தி. கத்தரிக்கோலை எடுத்து நேர்கோடு போட்ட மாதிரி பாதியாக வெட்டி, ஒரு பாதியை என் மேசையில் போட்டாள், மறுபாதியைத் தன் வீட்டு மேசைக்கு எடுத்துக்கொண்டாள். அந்த விரிப்பை நினைவில் வைத்துக்கொள்.

போன மாதம் வேலூரில் பள்ளிகளுக்கான கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. “அதிகாரம், தொழில்நுட்பம், உலக சமுதாயம்: ஒரு மாணவரின் சிந்தனைகள்” என்பது தலைப்பு. எனக்கு இரண்டாம் பரிசு. தமிழ் மிஸ் அதைக் காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கில் படித்தார்கள். இனிமேல் அதிகாரம் கோட்டைக்குள் ஒளிந்துகொள்ள முடியாது, ஓர் ஏழைப் பெண்ணின் குரல் ஒரே நொடியில் கடலைத் தாண்டிப் போய்ச் சேரும், உலகம் ஒரே தெருவாகிவிட்டது என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஏழைப் பெண் யார் என்று எழுதும்போது நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அவளுக்கு முகமே இல்லை. கட்டுரையில் நன்றாக இருக்கும் என்று அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அதே வாரம் அம்மா கம்பெனியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். ஷூ வாங்குகிற வெளிநாட்டு நிறுவனம், தொழிலாளிகளைச் சரியாக நடத்துகிறார்களா என்று ஆடிட் பண்ண ஆள் அனுப்பும், அவர்கள் தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. அம்மா பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் அப்பாவின் பழைய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு ஆடிட்டராகிவிட்டேன்.

“கழிப்பறைக்குப் போகத் தடை உண்டா?” என்று குரலைக் கனமாக்கிக் கேட்டேன்.

“இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம்” என்று சொல்லிவிட்டு அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை.

“இன்னாம்மா சிரிக்கிற? தப்பா சொன்னா ஃபெயில் போட்ருவேன்.”

“எப்ப வேணும்னாலும் போலாமாம். டோக்கன உங்க அப்பனா தருவான்?”

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. ஒரு லைனுக்கு ஒரு டோக்கன். உள்ளங்கை அளவு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை, மேலே லைன் எண் எழுதியிருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எழுந்து பாத்ரூமுக்குப் போகலாம். அவர் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர். முப்பது பேருக்கு ஒன்று. அதனால் அம்மா காலையில் வேன் ஏறியதிலிருந்து சாயங்காலம் இறங்கும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அடிவயிறு வலித்துக் காய்ச்சல் வந்து படுப்பாள். சூடு பிடித்துக்கொண்டது என்று சொல்லி மோர் குடிப்பாள். நானும் அது சூடு என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பதே நான்தான். சாயங்காலம் அது குறையாமல் திரும்பி வருவதையும் நான்தான் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. உன் அம்மாவான நான் செய்த தப்புகளைச் சொல்லப் போகிறேன், முதலில் இதை எழுதிக்கொள்.

அடுத்த சனிக்கிழமை அம்மா ஓவர்கோட்டைத் துவைக்கப் போட்டாள். நான் சோப்பு வைக்கப் போனபோது பையில் ஏதோ கனத்தது. மஞ்சள் வில்லை. அன்று கடைசியாகப் போய்விட்டு வந்த அம்மா, மணி அடித்த அவசரத்தில் அதைத் திருப்பி ஆணியில் மாட்ட மறந்து பையிலேயே கொண்டுவந்துவிட்டாள். “ஐயய்யோ, திங்கக்கிழமை மொத ஆளாப் போய் மாட்டிடணும்” என்று அதை என் மேசை மேல் வைத்துவிட்டுக் கறி வாங்கப் போனாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் உடம்பை அந்த வில்லை ஆட்டி வைக்கிறது என்று நினைத்தபோது கோபமாக வந்தது. கம்பெனி கேன்டீனில் எல்லாருக்கும் கொடுத்த ஒரு துண்டுத்தாள் வீட்டில் கிடந்தது. “உங்கள் குரல்” என்று மேலே போட்டு, செல்போன் கேமராவில் காட்டினால் படிவம் திறக்கிற கட்டம் ஒன்று இருந்தது. அந்த வெளிநாட்டு நிறுவனமே நேரடியாகப் படிக்குமாம். அம்மா அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள்.

நான் அதைத் திறந்தேன். நீங்கள் யார் என்று கேட்டது. தொழிலாளி, குடும்பத்தினர், மற்றவர். தொழிலாளி என்று அழுத்தினேன். அப்படிச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்று தோன்றியது. பெயரை மறைக்க வேண்டுமா? ஆம். பிறகு எழுதினேன். பரிசு வாங்கிய கை இல்லையா, நன்றாகவே எழுதினேன். படம் இருந்தால் இணைக்கவும் என்றது. டோக்கனை ஒரு படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: நன்றி, உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கட்டுரையில் எழுதியது உண்மை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கறியோடு வந்தபோது அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் அவளே வந்து, “டோக்கன எடுத்துட்டாங்கடி” என்று சொல்லுவாள், அப்போது நான்தான் செய்தேன் என்று சொல்லலாம் என்று ஆசையாக இருந்தது.

அவள் சொன்னாள். நேற்று முன்தினம். ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. வீட்டுக்குள் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தாள், புத்தகங்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள், மாதுளம்பழ விரிப்பை உருவி மடித்து, டிரங்குப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள்.

“ஏம்மா?”

“கிழிஞ்சி போச்சி.”

அது கிழியவில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, “டோக்கன எடுத்துட்டாங்க. கதவாண்ட விரல் வெக்கற மிஷின் மாட்டியிருக்காங்க. யாரு எத்தினி வாட்டி போனாங்க, எவ்ளோ நேரம் இருந்தாங்க, எல்லாம் ஏறிடுமாம்” என்றாள். அன்று இரவு படிவத்திலிருந்து எனக்கு இன்னொரு செய்தி வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

நடந்தது என்ன என்பது இன்று சாயங்காலம் எஸ்தர் அத்தை வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் நேற்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மாதிரி வந்து, என் மேசையைப் பார்த்தாள். வெறும் மரம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே கதை சொன்னாள். நேற்று முன்தினம் கம்பெனி ஆபீஸ் மேடம் மூன்றாவது லைனை மட்டும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். பாதுகாப்பு வீடியோ போடுகிற பெரிய டிவியில் ஒரு போட்டோ. வெளிநாட்டிலிருந்து விளக்கம் கேட்டு அனுப்பியிருந்தார்களாம், படத்தையும் சேர்த்தே.

“டிவி முழுக்க டோக்கனுடி” என்றாள் அத்தை. “அவ்ளோ பெருசா நான் அத்தப் பாத்ததே இல்ல. அப்பறம் பாத்தா அதுக்குக் கீழ மாதுளம்பழம். நம்ம லைன் லீடரு போன மாசம் எங்க வூட்டுக்கு ஜெபக் கூட்டத்துக்கு வந்திருந்தா இல்ல? அவ எழுந்து, ‘மேடம், இது எஸ்தரக்கா வூட்டு டேபிளு’ன்னா. அந்தம்மா என்னைப் பாத்து, ‘உங்க துணியா?’ன்னு கேட்டுது. ஆமா மேடம், நான் வாங்கின துணிதான்னேன்.”

“நீங்க ஏன் அத்தை...” என்று ஆரம்பித்தேன்.

“ஏன்னா? நான்தானே வாங்கினேன். பொய்யா சொன்னேன்?” என்றாள். “உனக்கு எக்ஸாம் எப்போ? மூஞ்சி ஏன் இப்படி இருக்குது, காபி கீபி போட்டுத் தர்றதில்லையா உங்கம்மா?”

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அரிசியில் கல்லே கிடையாது. அத்தை கிளம்பியபோது அம்மாவும் வாசல்வரை போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“அக்கா, அங்கயே எழுந்து சொல்லியிருக்கணும். காலு எழும்பல.”

“எழும்பாத வரைக்கும் நல்லது.”

“நீதான் அனுப்பினேன்னு நாளைக்கு எட்டு மணிக்கு எழுதிக் கையெழுத்து கேக்கறாங்களே. போட்டா வேலை போய்டுமே அக்கா.”

“போவட்டும். என் பொண்ணு இந்த வருஷத்தோட படிச்சி முடிச்சிடுவா. உன் பொண்ணு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வேற கம்பெனி இல்லியா இன்னா, பேரணாம்பட்டுல போய்க் கேக்கறேன்.”

“இந்தப் பேரோட யாரு சேத்துப்பாங்க?”

அம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அத்தை சொன்னாள்: “அழாத. உள்ள போய் மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடி.”

இதுதான் நடந்தது. அது என் மேசை, படம் எடுத்தது நான் என்று இருவருக்கும் அந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்த போதே தெரிந்திருக்கிறது. விரிப்பின் மறுபாதி எங்கே இருக்கிறது என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சொல்லவில்லை, ஒருத்தியால் சொல்ல முடியவில்லை. மூன்றாவது ஆள் நான். நாளைக் காலை எட்டு மணி.

நீ எந்த வேலைக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் படித்து, இந்த மாதிரிப் படிவங்களைச் செய்கிற வேலைக்கே போகலாம். அல்லது அந்த ஊரில் உட்கார்ந்து, இங்கிருந்து வருகிற புகார்களைப் பிரித்துப் படிக்கிற வேலையாக இருக்கலாம். என் புகாரை அங்கே ஒரு அம்மா படித்து அதிர்ந்து போவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கு நரைத்த முடி, மேசையில் பூங்கொத்து என்றெல்லாம் கற்பனை செய்திருந்தேன். இப்போது யோசித்தால், யாராவது படித்தார்களா என்றே தெரியவில்லை. ஒரு மெஷின் மொழிபெயர்த்திருக்கும், இன்னொன்று வகை பிரித்திருக்கும், கடைசியில் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடுகூட, ஆதாரம் இருக்கட்டும் என்று படத்தோடு கம்பெனிக்கே அனுப்பியிருப்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், படத்தை அனுப்புவதற்கு முன்னால் அதில் டோக்கனைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று ஒரு தரம் பார். ஒரு மேசை இருக்கும், அது ஒரு வீட்டில் இருக்கும், அந்த வீட்டுக்கு ஒரு தெரு இருக்கும். பெயர் வேண்டாம் என்று ஒருவர் அழுத்தினால், அவர் எவ்வளவு பயந்துபோய் அழுத்தினார் என்று யோசி. தீர்க்கப்பட்டது என்று எழுதுவதற்கு முன்னால், யாருக்குத் தீர்ந்தது என்று கேள்.

ஆனால் அந்தப் பக்கம் இருப்பவரை மட்டும் குறை சொல்லி முடித்தால் நான் உனக்கு எழுதுவது பொய். நானும் டோக்கனை மட்டும்தான் பார்த்தேன். அதற்கு அடியில் இருந்த மாதுளம்பழம் என் கண்ணில் படவே இல்லை, தினமும் அதன் மேல்தான் கை வைத்து எழுதுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன் போலிருக்கிறது. அம்மாவின் வயிற்று வலியைப் பற்றி, அம்மா பேசுகிற மாதிரி, அம்மாவைக் கேட்காமல் நான் எழுதினேன். கம்பெனி பதில்களை அச்சடித்து அவள் வாயில் வைத்தது. நான் அதைவிட நல்ல தமிழில் வேறு பதில்களை வைத்தேன். அவள் என்ன சொல்ல விரும்புகிறாள் என்று கம்பெனியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “வேணாண்டி, படத்த மட்டும் அனுப்பாத” என்று சொல்லியிருப்பாளோ, “இரு, எஸ்தரக்காவையும் கேப்போம், முப்பது பேரும் சேந்து சொல்லுவோம்” என்று சொல்லியிருப்பாளோ. இனி எனக்கு அது தெரியப்போவதில்லை. அதிகாரத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதி மேடையில் பரிசு வாங்கினேன். என் கையிலும் கொஞ்சம் இருந்தது, ஒரு செல்போன் அளவுக்கு, நான்கு வரி நன்றாக எழுதத் தெரிந்த அளவுக்கு. அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்றும் அதே தப்பைச் செய்யப் பார்த்தேன். அம்மா படுத்த பிறகு படிவத்தைத் திறந்து, என் பெயரைப் போட்டே எழுதினேன். நான் தொழிலாளி இல்லை, பள்ளி மாணவி, முதலில் சொன்னது பொய், எஸ்தர் என்பவருக்கு எதுவும் தெரியாது என்று. அனுப்பு என்கிற பட்டனுக்கு மேல் விரல் நின்றது. அனுப்பினால் எஸ்தர் அத்தை தப்பிக்கலாம். என் பெயரைப் பார்த்ததும் யார் மகள் என்று தெரிந்துவிடும், அம்மாவின் வேலை போகலாம். அப்பாவின் லாரி ஓடாத மாதங்களில் இந்த வீடு அம்மாவின் கையால்தான் நடக்கிறது, என் படிப்பும் அதில்தான் இருக்கிறது. அனுப்பாமல் இருந்தால், அத்தை நாளைக்குக் கையெழுத்துப் போடுவாள், சிரித்துக்கொண்டே போடுவாள், அடுத்த வாரமும் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து எனக்கு எக்ஸாம் எப்போ என்று கேட்பாள். அதை என்னால் தாங்க முடியாது. ஆனால் அம்மாவின் வேலையை அம்மாவைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. எழுதியதை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

பிறகு ஒன்று செய்தேன். டிரங்குப் பெட்டிக்கு அடியில் கையை விட்டு விரிப்பை உருவி எடுத்தேன். பெட்டி உரசிச் சத்தம் போட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா புரண்டு மட்டும் படுத்தாள். மடித்த கோடுகள் அப்படியே இருக்கின்றன, கையால் தேய்த்தாலும் போகவில்லை. மேசையில் விரித்துவிட்டேன். இந்தப் பக்கத்தை அதன் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். வெட்டிய ஓரம் என் பக்கம் இருக்கிறது, ஒரு மாதுளம்பழம் சரிபாதியாக நிற்கிறது. பக்கத்தில் செல்போனும், ஒரு சொம்பில் தண்ணீரும் வைத்திருக்கிறேன்.

அம்மா நாலரைக்கு எழுவாள். வேன் ஆறரைக்கு. இடையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. விளக்கைப் போட்டதும் அவள் முதலில் இந்த மேசையைத்தான் பார்ப்பாள். அடிப்பாளா, அழுவாளா தெரியாது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவள் பேசுவதைக் கேட்கப் போகிறேன். பிறகு இருவருமாக நான்கு வீடு தள்ளிப் போய், எஸ்தர் அத்தையின் கதவைத் தட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்றும் கேட்க வேண்டும். அதன் பிறகு அந்தப் பட்டனை அழுத்துவதா, மூன்று பேருமாக அந்த மேடம் முன்னால் போய் நிற்பதா, லைனில் மற்றவர்களையும் எழுப்புவதா, அதை நான் மட்டும் தீர்மானிக்க மாட்டேன். நீ இதைப் படிக்கும் நாளில் அந்த முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் அதுதான்.

உள்ளே பாய் சுருட்டுகிற சத்தம் கேட்கிறது. நாலரை ஆகவில்லை, அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது. நோட்டை மூடாமல் இப்படியே திறந்து வைக்கிறேன். உனக்கு முன்னால் அவள் படிக்கட்டும்.